‘அண்ணன் வாங்கிக் குடுத்தாரு!’

சென்ற மாதம் இந்தப் பகுதியில், சட்டவிரோத வேலைக்குப் பெரியவர்கள் பிள்ளைகளைப் பயன்படுத்துவது பற்றி ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, “பிள்ளையின் பையில் பொட்டலம் இருந்தால், அதை அங்கே வைத்த கை யாருடையது என்று முதலில் பாருங்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் குழுவினர் கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி எல்லாவற்றையும் படித்து முடித்தபோது மணி ஒன்றரை. அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 29 வருஷம் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். 18 வயது ஆகாத பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிற்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் விசாரித்து, ‘இவன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான்’ என்று அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியும்படி எழுதுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம். ஆகவே எல்லாக் கடிதங்களிலிருந்தும் பெயரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

*

என் பையனுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கிறான். அவன் அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. நான் நாலு வீட்டில் வேலை செய்றேன். ரெண்டு மாசமா புது போன் வச்சிருக்கான். கேட்டா, ‘ஏரியா அண்ணன் வாங்கிக் குடுத்தாரு’ங்கிறான். அந்த அண்ணனும் என்னைப் பார்த்தா ‘சாப்ட்டீங்களாம்மா’ன்னு மரியாதையாத்தான் பேசுறார். போன வாரம் பீரோவுக்குப் பின்னாடி துண்டில் சுத்தி ஒரு கத்தி இருந்துச்சு. ஆத்திரத்தில் கரண்டிக் காம்பாலேயே அடிச்சுட்டேன். இப்ப ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் வீட்டுக்கு வர்றான். போலீஸுக்குப் போனா பிள்ளையைத்தானே தூக்கிட்டுப் போவாங்க?
— பெயர் வேண்டாம், வடசென்னை

தங்கச்சி, அடித்தது அடித்தாயிற்று. அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி அவன் எத்தனை மணிக்கு வந்தாலும் சோற்றைப் போட்டு வைத்துக் காத்திருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள்.

அந்த போன் பரிசு இல்லை, கடன். அதை அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்லும் நாள் வரும்.

நான் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படியில்தான் ஏறினார்கள். முதலில் டீயும் பன்னும். அப்புறம் போனுக்கு ரீசார்ஜ். பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று. இதற்கெல்லாம் அவனிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். பிறகு கேட்பதும் சின்னதாகத்தான் இருக்கும். “அந்த முனையில நில்லுடா, வண்டி வந்தா ஒரு மிஸ்டு கால் குடு.” இது ஒரு வேலை என்றே பையனுக்குத் தோன்றாது. அதற்கப்புறம்தான், “இந்தப் பொருளை ஒரு ராத்திரி உங்க வீட்ல வச்சிரு, உங்க அம்மாவை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.” உங்கள் மகன் இப்போது நிற்பது இந்தப் படியில். அடுத்த படியில் பேச்சின் தொனி மாறும். “நீயும் இப்ப இதுல இருக்க, பார்த்துக்க” என்பார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 15 வயது. வழக்கு நடக்கும்போது பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தான். ‘அந்த ஆள் உனக்கு என்னதான் கொடுத்தான்’ என்று கேட்டேன். பணம், போன் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “பிரியாணி வாங்கி, பொட்டலத்தை அவரே பிரிச்சு, அதுல இருந்த லெக் பீஸை எடுத்து என் இலையில வச்சாரும்மா.” நான் அவன் வீட்டுக்கும் போயிருந்தேன். அப்பா ராத்திரி லோடு ஏற்றப் போகிறவர். அம்மாவுக்கு விடியற்காலை மீன் மார்க்கெட். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட நாள் அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர்கள் மேல் எனக்குக் குறையே கிடையாது. பிள்ளைக்குச் சோறு போடத்தான் இரண்டு பேரும் ஓடினார்கள். அந்த ‘அண்ணன்’ அதைப் பார்த்திருக்கிறான். எந்த வீட்டில் இலை காலியாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன் அவன்.

அதனால் மகனிடம் ‘ஏன்டா வாங்கின’ என்று கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. ‘அவர் உன்கிட்ட என்ன கேட்டார்?’ என்று கேளுங்கள். அதையும் முகத்துக்கு நேரே உட்காரவைத்துக் கேட்கக் கூடாது. சின்ன வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது கேளுங்கள். கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறு இடமும் இருந்தால்தான் பிள்ளைகள் வாய் திறக்கும். முதல் தடவை சொல்லாவிட்டால் பரவாயில்லை. கேட்டது அவன் மனசில் கிடக்கும்.

போனை உடைக்காதீர்கள். இது முக்கியம். ஒரு அம்மா ஆத்திரத்தில் அம்மிக்கல்லில் வைத்து உடைத்துவிட்டார். மறுநாளே அந்த ஆள் பையனிடம், “பன்னிரண்டாயிரம் ரூபாய் போனை உங்கம்மா உடைச்சுட்டாங்க, கழிச்சிடு” என்று கணக்குச் சொன்னான். அதுவுமில்லாமல், யார் பேசினான், எத்தனை மணிக்குக் கூப்பிட்டான் என்பதெல்லாம் அந்த போனில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளையைக் காப்பாற்றப்போகும் சாட்சி அது.

கத்தியைக் கால்வாயில் போடவும் வேண்டாம், அந்த ஆளிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம். அது ஏற்கெனவே எங்காவது பயன்பட்ட பொருளா என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் மகனுக்கும் தெரியாது. துண்டோடு அப்படியே இருக்கட்டும், கையால் தொடாதீர்கள். நாளைக் காலையிலேயே 15100-க்குப் பேசுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. காசில்லாமல் வக்கீல் கிடைப்பார். பிறகு 1098. குழந்தைகளுக்கான உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆளோடு காவல் நிலையம் போங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவரைத்தான் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரியவர்களால் இழுக்கப்படும் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னாலும் கொண்டுபோகலாம். அங்கே குற்றப்பத்திரிகையும் இல்லை, தண்டனையும் இல்லை. நீங்களாக முதலில் போய்ச் சொன்னதற்கும், சோதனையில் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

*

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மகனுக்கு 16 வயது. ‘18 ஆகலேன்னா எதுக்கும் கேஸ் கிடையாது, ரெண்டே மாசத்துல வெளிய வந்துடலாம்’ என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனும் என்னிடம் அதையே சொல்கிறான். உண்மையா?
— மதுரை

பாதி உண்மையைச் சொல்லித்தான் பிள்ளையை ஏமாற்றுகிறார்கள் அண்ணே.

உண்மையான பாதி இது. 18 வயது முடியாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குற்றம் நிரூபணமானாலும் குழுமம் சிறைக்கு அனுப்பாது. சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருஷம் வைக்கலாம். இதெல்லாம் நல்ல காரணத்துக்காக எழுதிய சட்டம், நான் அதன் பக்கம் நிற்பவள்.

அவர்கள் சொல்லாத பாதி இது. 16 முடிந்தவன் கொடிய குற்றத்தில், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் பூர்வாங்க மதிப்பீடு செய்யும். கொலை வழக்கு என்றால் உங்கள் மகன் வயதில் அது விளையாட்டில்லை. மூன்று வருஷம் இல்லத்தில் இருப்பதும் லேசுப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அம்மாவுக்காகச் சனிக்கிழமை ராத்திரியே தலை வாரி உட்காரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உங்கள் மகனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘கேஸ் இல்லேன்னு அவன் சொன்னானே, யாருக்குக் கேஸ் இல்லே? உனக்கா, அவனுக்கா?’ பையனை முன்னால் நிறுத்தினால் தன் பெயர் வெளியே வராது என்பதுதான் அந்த ஆளின் கணக்கு. சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவு, குழந்தையைக் குற்றம் செய்ய அமர்த்துபவருக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் பத்து வருஷம் சிறை என்கிறது. அந்தக் குற்றம் நடந்துவிட்டால், அதை அந்த ஆளே தன் கையால் செய்தது போல அதற்குரிய தண்டனையும் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு, சட்டவிரோத வேலைக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் சொல்கிறது. சாராயமோ போதைப் பொருளோ கொடுத்தனுப்பினால் 78-ஆவது பிரிவு. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலும், சிறுவரைப் பயன்படுத்தியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக் குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனை கொடுக்க வழி இருக்கிறது.

இதில் என்னை வருத்தும் ஒரு விஷயமும் உண்டு. 2021-இல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தியபோது, மூன்று முதல் ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களை, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத வகையில் சேர்த்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மேலே சொன்ன 78, 83 இரண்டும் அதில் விழுந்தன. பிள்ளைகளைப் பயன்படுத்துகிறவனுக்கு இது தேவையில்லாத நிழல். எனவே புகார் எழுதும்போது, போலீஸே நேராக வழக்குப் பதியக்கூடிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். பிள்ளையைப் பிடித்தால் காவல் துறை நிரப்ப வேண்டிய சமூகப் பின்னணி அறிக்கையில், ‘கும்பலோ பெரியவர்களோ இந்தக் குழந்தையைப் பயன்படுத்தினார்களா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் சர்வீஸில் நான் பார்த்த எத்தனையோ தாள்களில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. கேட்க ஆள் இல்லாததால் இழுத்த கோடு அது. அப்பா பக்கத்தில் நின்று, ‘ஐயா, இந்தக் கட்டத்துல எழுதுங்க’ என்று சொன்னால் எழுதுவார்கள்.

பைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். வண்டித் தொழிலில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-யின்படி சிறுவன் ஓட்டிச் சிக்கினால் வண்டி உரிமையாளருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஓட்டுநர் வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும்.

*

அம்மா, எனக்கு 17 வயது. டிப்ளமோ முதல் வருஷம். தெரிந்த ஒரு அண்ணா, ‘உன் பேங்க் அக்கவுண்டை எனக்குக் குடு, மாசம் 4,000 தர்றேன், கம்பெனி சம்பளம் போடத்தான்’ என்றார். ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை பெரிய தொகை வந்து உடனே போய்விட்டது. இப்போது அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. அவர் போன் எடுப்பதில்லை.
— திருப்பூர் பக்கம்

தம்பி, இதை எனக்கு எழுதியதே நல்ல காரியம். இன்றைக்கே அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல். திட்டுவார்கள். திட்டி முடித்ததும் உன் கூட வருவார்கள்.

வந்துபோனது சம்பளப் பணம் இல்லை. எங்கோ ஒருவர் ‘போலீஸ் பேசுறோம்’ என்றோ ‘பார்ட் டைம் வேலை’ என்றோ நம்பி இழந்த பணமாக இருக்கலாம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லியிருப்பார். பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்தால், முதலில் நிற்பது உன் பெயர். அந்த அண்ணாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அதற்காகத்தான் உன்னைத் தேடி வந்தார். பத்து வயது தாண்டிய பிள்ளைகளே தங்கள் கணக்கைத் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருப்பது நல்லதற்குத்தான். அதை இப்படிப் பயன்படுத்தவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதே. பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், அதோடு உன் பக்கத்து சாட்சியும் போய்விடும். அந்த 4,000-இல் செலவழித்தது போக மீதி இருந்தால் தொடாமல் வை. வங்கிக் கிளைக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள். 15100-இல் வக்கீல் கேட்டு, அவரோடு சைபர் க்ரைம் போலீஸுக்குப் போ. உனக்கு 18 ஆகவில்லை என்பதைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு முதலிலேயே சொல். வயதுக்கு முதலில் பார்க்கும் தாள் பள்ளிச் சான்றிதழ்தான். மற்ற நண்பர்களிடமும் அவர் கேட்டிருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. ஒரே ஆள் பெயரை நாலு பிள்ளைகள் சொல்லும்போது அதற்கு வலு அதிகம்.

*

எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டில் பாட்டில் வாங்கி வச்சு, கடை திறக்கிறதுக்கு முன்னாடி கூடுதல் விலைக்கு விக்கிறார். காலையில் என் மகளையும் (12) மகனையும் (9) ஸ்கூல் பையில் வச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரச் சொல்றார். என் ஆபரேஷனுக்கு அவர்தான் 60,000 கட்டினார். அதனால் எங்க வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டேங்கிறார். ‘குடும்ப விஷயத்தை வெளிய சொல்லாதே’ங்கிறார்.
— ஒரு கிராமத்திலிருந்து

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் பையை இறக்கி வைத்தபோது உள்ளே கண்ணாடி மோதுகிற சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை உடனே, “டிபன் பாக்ஸ் அக்கா” என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். அந்த வயதில் பொய்யைத் தயாராக வைத்திருக்கப் பழக்கிவிட்டார்கள்.

பெரியப்பா என்பதால் சட்டம் விலக்கு கொடுக்கவில்லை. குழந்தையைக் கொண்டு மதுவை விற்கவோ எடுத்துப்போகவோ வைத்தால் ஏழு வருஷம் வரை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் நீங்கள் அந்த வீட்டிலேயே வாழ வேண்டியவர். அதனால் சட்டத்தை எடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள்.

ஒன்று, காலை நேரத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடுங்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அவர் வியாபாரம் முழுக்க அதற்கு முந்தைய நேரத்தை நம்பித்தான். உங்கள் மகன் நாலாவதாக இருப்பான். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளியிலேயே சாப்பாடு உண்டு. ‘டீச்சர் நேரத்துக்கு வரச் சொல்றாங்க, லேட்டானா சாப்பாடு முடிஞ்சிடும்’ என்று சொல்லி இரண்டு பேரையும் நீங்களே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பையை வாசலில் வைத்துத் திறந்து, ‘நோட்டெல்லாம் எடுத்தாச்சா’ என்று சத்தமாகக் கேட்டு அடுக்கி அனுப்புங்கள். நாலு பேர் பார்க்கத் திறக்கும் பையில் பாட்டில் வைக்க அவருக்குக் கை வராது.

இரண்டாவது, அந்த 60,000. அதை ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு, எப்போது, மாசம் எவ்வளவு திருப்புவீர்கள் என்று எழுதி, கணவரிடம் காட்டுங்கள். முதல் தவணை 500 ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் இருப்பது அண்ணன் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. அந்தக் கடனுக்குப் பிள்ளைகள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கும் உள்ளுக்குள் தெரியும். கடனைக் கடனாகப் பிரித்துத் தாளில் வைத்துவிட்டால், பிள்ளைகளைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வரும்.

இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் 1098. பெயர் சொல்லாமலே சொல்லலாம். ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதில் உள்ளவர்கள் உங்கள் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு வேண்டியவர்களாக இருந்தால் அங்கே போகாதீர்கள், நேராக மாவட்டத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் மகள் பெரியவளாகிற வயது. காலையில் தனியாகக் குடிக்கிற ஆண்களின் வாசலில் அவள் போய் நிற்கிறாள் என்பதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. நாளையிலிருந்து அவள் மட்டுமாவது போகவே கூடாது.

*

ஒன்பதாம் வகுப்பு மாணவன் பையில் வலி மாத்திரை அட்டைகள். மற்றவர்களுக்கு விற்கிறான் போலிருக்கிறது. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள். நான் வகுப்பாசிரியை. மனசு கேட்கவில்லை.
— ஒரு ஆசிரியை

கொடுக்க விடாதீர்கள் டீச்சர். டி.சி. கையில் வாங்கும் பிள்ளைக்குக் காலை எட்டு மணியிலிருந்து போவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கும். அவனுக்கு மாத்திரை கொடுத்தவனுக்கு நாம் முழுநேர ஆள் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 14 வயதுப் பிள்ளைக்குச் சீட்டு இல்லாமல் அத்தனை அட்டை எந்தக் கடையில் கிடைத்தது, பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே யார் நிற்கிறான் என்று பாருங்கள். தகவலைப் போதைப் பொருள் புகார் எண்ணான 10581-க்கும் 1098-க்கும் சொல்லுங்கள். பிள்ளைக்கே பழக்கம் இருக்கிறதா என்று மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். அவனோடு வாங்கிச் சாப்பிட்டவர்களையும் மறக்க வேண்டாம்.

*

கத்தியைத் தூக்குகிற பையனுக்கு இத்தனை பரிவு எதற்கு? எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் சட்டமா இருந்தது? வெட்டுப்பட்டவன் வீட்டை நினைத்தீர்களா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சேலம்

நினைத்திருக்கிறேன் ஐயா. வெட்டுப்பட்டு இறந்த ஒரு இளைஞனின் அம்மாவை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தவள் நான். அவர் என்னிடம் கேட்டது உங்கள் கேள்வி இல்லை. “வெட்டுன பையனைப் பிடிச்சுட்டாங்க, அனுப்புனவன் நேத்து என் வீட்டு முன்னாடியே பைக்ல போறான்மா” என்றார். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சட்டம் அந்தக் காலத்திலேயே இருந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920-இல். போதைப் பொருள் போன்ற சட்டவிரோத வேலைகளுக்குக் குழந்தைகளைப் பயன்படுத்துவது குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களில் ஒன்று என்கிறது 1999-ஆம் வருஷத்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆவது ஒப்பந்தம். இந்தியா 2017-இல் அதை ஏற்றது. பட்டாசுத் தொழிற்சாலையில் பிள்ளை வேலை பார்த்தால் முதலாளியைப் பிடிக்கிறோம். இந்த வேலையில் மட்டும் வேலைக்கு வந்த பிள்ளையோடு ஏன் நிறுத்திக்கொள்கிறோம்? நான் கேட்பது இவ்வளவுதான். பையனை விட்டுவிடச் சொல்லவில்லை. அவனோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன்.

*

டீக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் இரண்டு பசங்க, எட்டாவது ஒன்பதாவது இருக்கும், கடை ஓரமாகக் காத்துக்கிட்டு நிற்பாங்க. ஒருத்தன் பைக்கில் வந்து ஏதோ பேசிட்டுப் போவான். பசங்க சாப்பிடுற டீ, பஜ்ஜி எல்லாம் அவன் கணக்கில். வாரம் ஒருமுறை வந்து தீர்ப்பான். எனக்கு எதற்கு வம்பு என்று இருக்கிறேன். ஆனால் அதில் ஒரு பையன் என் மகன் சாயல்.
— செங்கல்பட்டு மாவட்டம்

அந்தக் கணக்கை மூடிவிடுங்கள் அண்ணே. அடுத்த முறை அவன் வரும்போது, ‘இனிமே கடன் கணக்கு வைக்கிறதில்லீங்க, எல்லாருக்கும் அப்படித்தான்’ என்று பொதுவாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். பசங்களிடம் காசு இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் நாலு நாளைக்கு உங்கள் டீயாக இருக்கட்டும். சாயல் உள்ள அந்தப் பையனிடம் எந்தப் பள்ளிக்கூடம், வீடு எங்கே, அம்மா என்ன செய்கிறார் என்று மெதுவாகக் கேட்டு வையுங்கள். பைக் நம்பரையும் அவன் வருகிற நேரத்தையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து 1098-க்குச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கடை நம்பரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நான் கூப்பிடுகிறேன்.